வீராணம்: வந்தியத்தேவன் குதிரையில வந்த ஏரி

கேள்வி இதுதான்: "பொன்னியின் செல்வன் இப்பதான் படிக்க ஆரம்பிச்சிருக்கேன், முதல் பக்கத்துலயே கடல் மாதிரி ஒரு ஏரி வருது, வீரநாராயண ஏரின்னு. அது நிஜமா இருக்கா, கல்கி கற்பனையா? இருந்தா இப்ப எப்படி இருக்கு, நேர்ல போனா கதையோட சம்பந்தப்பட்டது ஏதாவது பாக்க கிடைக்குமா?"

இருக்குங்க. நல்லாவே இருக்கு. நீங்க சென்னையில இருந்தீங்கன்னா இன்னைக்கு காலைல காபி போட்ட தண்ணி கூட அங்க இருந்து வந்ததா இருக்கலாம். நான் அந்தப் பக்கத்து ஆளு, சின்ன வயசுல சேத்தியாத்தோப்புல இருந்து காட்டுமன்னார்கோயில் போற பஸ்ல ஜன்னல் சீட்டுக்கு சண்டை போட்டே வளர்ந்தவன், அதனால கொஞ்சம் நீளமாத்தான் எழுதுவேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல இடம். கடலூர் மாவட்டம், சிதம்பரத்துக்கு மேற்கே. தெற்குல லால்பேட்டை, வடக்குல சேத்தியாத்தோப்பு, இந்த ரெண்டுக்கும் நடுவுல கிழக்குக் கரை மட்டும் பதினாறு கிலோமீட்டர் கிட்ட ஓடுது. அந்தக் கரை மேலதான் ரோடு. கும்பகோணத்துல இருந்து அணைக்கரை வழியா சென்னை போற பழைய ரூட்டு இதுதான், ஒரு பக்கம் தண்ணி, இன்னொரு பக்கம் கீழ இறக்கத்துல வயலு, நடுவுல பஸ்ஸு. கல்கி வந்தியத்தேவனை குதிரையில ஓட்டிட்டு வந்தது இந்தக் கரைமேலதான், ஆடிப்பெருக்கு அன்னைக்கு, ஜனங்க குடும்பத்தோட சித்ரான்னம் கட்டிக்கிட்டு வந்து உக்காந்திருக்காங்க, அந்தக் காட்சி. தில்லைக்கு மேற்கே ரெண்டு காதம், ஏரி நீளம் ஒன்றரைக் காதம், அகலம் அரைக் காதம்னு அவர் அளவு குடுக்குறார். காதம்ங்கிறது எத்தனை மைல்னு ஆளுக்கு ஒரு கணக்கு சொல்வாங்க, அதனால அதை வச்சு டேப் பிடிக்காதீங்க. ஆனா வடக்கு தெற்கா நீளமா, கிழக்கு மேற்கா ஒடுக்கமா இருக்கும்னு அவர் சொன்ன வடிவம் அப்படியே சரி, மேப்புல பாத்தீங்கன்னா தெரியும்.

ஒரு விஷயம் நேர்ல போனாதான் புரியும். இது மலைகளுக்கு நடுவுல தானா உண்டான ஏரி கிடையாது, பள்ளம் தோண்டுனதும் கிடையாது. மேற்குல அரியலூர் ஜெயங்கொண்டம் பக்கம் செம்மண் மேடு, அது கிழக்க கடலைப் பாத்து மெல்ல மெல்ல சரியுது. அந்தச் சரிவுக்குக் குறுக்க ஒரு கரையைப் போட்டாச்சு, தண்ணி நின்னுடுச்சு, அவ்வளவுதான் டெக்னாலஜி. அதனாலதான் கிழக்குக் கரையில நின்னா கரை ஓங்கி நிக்கும், மேற்குப் பக்கம் போனா ஏரி எங்க முடியுது வயல் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது, எதிர்வாய்னு சொல்வோம் அந்தப் பக்கத்தை, தண்ணி ஏறினா ஏரி, இறங்கினா மேய்ச்சல் தரை.

பேப்பர்ல அடிக்கடி "வீராணம் ஏரி முழு கொள்ளளவான 47.50 அடியை எட்டியது"ன்னு போடுவாங்க. நாப்பத்தேழு அடி ஆழம்னு நினைச்சுடாதீங்க, எனக்குத் தெரிஞ்ச படிச்சவங்களே அப்படி நினைச்சுட்டு இருந்தாங்க. அது கடல் மட்டத்துக்கு மேல எத்தனை அடிங்கிற கணக்கு. கொள்ளளவு 1.465 டிஎம்சி (ஒரு டிஎம்சின்னா நூறு கோடி கன அடி), அதை ஏரி விரிஞ்சு கிடக்குற பரப்புல பரத்திப் பாத்தா சராசரியா ஒரு ஆள் உயரம் கூட தேறாது. அகலமான தாம்பாளத்துல ஊத்தின பாயசம் மாதிரி. இதனாலதான் வெயில் காலத்துல பாதி தண்ணி வானத்துக்குப் போயிடும், கொஞ்சம் வண்டல் படிஞ்சாலே கொள்ளளவு குறைஞ்சிடும், காத்தடிச்சா மட்டும் நிஜமாவே கடல் மாதிரி அலை வரும், கரையில அடிக்கிற சத்தம் பஸ்ஸுக்குள்ள கேக்கும். "அலைகடல் போன்ற"னு கல்கி எழுதினது சும்மா அலங்காரத்துக்குன்னு நினைச்சேன், ஐப்பசியில ஒரு நாள் மழையில அந்தக் கரையில மாட்டிக்கிட்டேன், அப்புறம் நினைக்கல.

தண்ணி எங்கிருந்து வருதுன்னு கேட்டா, முக்காவாசி காவிரி. மேட்டூர்ல திறக்குறாங்க, முக்கொம்புல காவிரி ரெண்டாப் பிரியுது, வடக்க போறது கொள்ளிடம். கொள்ளிடத்துல அணைக்கரையில கீழணைன்னு ஒண்ணு இருக்கு, 1836ல ஆர்தர் காட்டன் கட்டினது. அங்கிருந்து வடவாறுன்னு ஒரு ஆறு, ஆறுன்னு பேரே தவிர வாய்க்கால்தான், 22 கிலோமீட்டர் ஓடி வந்து ஏரியில விழுது. இதுபோக மேற்குல இருந்து செங்கால் ஓடை, கருவாட்டு ஓடைன்னு காட்டு ஓடைங்க மழைத் தண்ணியைக் கொண்டாந்து கொட்டும். நிரம்பிப் போச்சுன்னா லால்பேட்டைகிட்ட வெள்ளியங்கால் ஓடை வழியா தெற்குல வெளியேத்துவாங்க, வடக்குல சேத்தியாத்தோப்புகிட்ட வெள்ளாத்துல விடுவாங்க. சுமார் 45 ஆயிரம் ஏக்கர் பாசனம். நாவல்ல காவிரிங்கிற பொன்னிதான் தலைப்பு, ஆனா கதை ஆரம்பிக்கிறது காவிரிக் கரையில இல்லாம இந்த ஏரிக் கரையில, அது எனக்கு ரொம்ப நாள் உறுத்தலா இருந்துச்சு. தண்ணி ரூட்டைப் புரிஞ்சுக்கிட்ட அப்புறம் சரியாப் போச்சு, வீராணத்துல நிக்கிறதும் பொன்னிதான்.

இனி யாரு வெட்டினதுங்கிற கதை. வீரநாராயணன்ங்கிறது முதலாம் பராந்தக சோழனோட பட்டம், 907ல இருந்து 955 வரைக்கும் ஆண்டவன். அவனோட மூத்த மகன் ராஜாதித்தன். ராஷ்டிரகூடப் படையெடுப்பு எந்த நேரமும் வரலாம்னு திருமுனைப்பாடி நாட்டுல, இப்ப உளுந்தூர்பேட்டைகிட்ட இருக்கிற திருநாவலூர் பக்கம், பெரிய படையோட வருஷக்கணக்குல உக்காந்திருந்தான். அந்தப் படையை சும்மா வச்சிருக்காம ஏரி வெட்ட விட்டான், அப்பா பேரை வச்சான்னு சொல்றதுதான் வழக்கம், கல்கியும் அதைத்தான் சொல்றார். படைக்காரன் கையில மண்வெட்டி குடுத்த கதை, கேக்க நல்லா இருக்குல்ல. ராஜாதித்தன் ராஜாவாகவே இல்ல. 949ல தக்கோலத்துல நடந்த சண்டையில யானை மேல இருந்தபடியே செத்துப் போனான், கல்வெட்டுல "ஆனைமேற்றுஞ்சின" தேவர்னு வருது. அவன்கிட்ட இருந்த கேரளத்து ஆளு ஒருத்தன், வல்லபன்னு பேரு, எஜமானோட சேந்து சாகலையேன்னு வெறுத்துப் போயி கங்கையில குளிச்சுட்டு வந்து திருவொற்றியூர்ல சதுரானன பண்டிதர்ங்கிற பேர்ல சாமியாரா உக்காந்துட்டான், அதுவும் கல்வெட்டுல இருக்கு. வீராணத்துக்கும் மெட்ராஸுக்கும் பைப் போடுறதுக்கு ஆயிரம் வருஷம் முன்னாடியே ஒரு தொடர்பு இருந்திருக்கு பாருங்க.

சரி, இலக்கியம். இங்கதான் எனக்கு கொஞ்சம் ஆதங்கம். வீராணம்னாலே எல்லாரும் பொன்னியின் செல்வன்னு சொல்லிட்டு முடிச்சுடுறாங்க. 1950ல கல்கி பத்திரிகையில தொடர் ஆரம்பிச்சது, அதுக்கு முன்னாடியே இந்த ஏரிக்கு ஆயிரம் வருஷ இலக்கிய ஜாதகம் இருக்கு, அதுவும் சாதாரண ஜாதகம் கிடையாது. தமிழ்ல வைணவத்துக்கு நாலாயிரம் பாட்டைத் தேடித் தொகுத்தவர் ஒருத்தர், சைவத்துக்கு தேவாரத்தைத் தேடித் தொகுத்தவர் ஒருத்தர். ரெண்டு பேருமே இந்த ஏரித் தண்ணி பாயிற ஊர்க்காரங்க. இதை நான் எத்தனையோ பேர்கிட்ட சொல்லிட்டேன், "அப்படியா"ன்னு கேட்டுட்டு அடுத்து குந்தவையைப் பத்தி பேச ஆரம்பிச்சுடுவாங்க.

காட்டுமன்னார்கோயில் ஏரியோட தென்கோடியில இருக்கு. பழைய பேரு வீரநாராயணபுரம், வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம். சதுர்வேதிமங்கலம்னா வேதம் படிச்ச பிராமணர்களுக்குக் குடுத்த ஊரு. அங்க இருக்கிற மன்னனார் கோயில்தான் காட்டுமன்னனார் கோயில் ஆகி, ஊர் பேரா ஒட்டிக்கிச்சு. நாதமுனிகள் பிறந்த ஊரு. வைணவ மரபுல சொல்ற கதை இது: ஒரு நாள் யாத்திரை வந்த கூட்டம் ஒண்ணு பெருமாள் முன்னாடி நின்னு "ஆராவமுதே"ன்னு ஆரம்பிச்சு பதினோரு பாட்டு பாடினாங்க. நம்மாழ்வார் கும்பகோணத்துப் பெருமாள் மேல பாடினது. "அடியேன் உடலம் நின்பால் அன்பாயே நீராய் அலைந்து கரைய உருக்குகின்ற நெடுமாலே"ன்னு வரும், உடம்பே தண்ணியா அலைஞ்சு கரையுதுங்கிறார். இந்தப் பாட்டை ஏரிக்கரை ஊர்ல வச்சு ஒருத்தர் முதல்முறையா கேக்குறார்னு நினைச்சுப் பாருங்க. கடைசிப் பாட்டுல "ஓராயிரத்துள் இப்பத்தும்"னு வந்ததும் நாதமுனிகளுக்கு பொறி தட்டிடுச்சு. ஆயிரத்துல இது பத்துதான்னா மிச்சம் எங்க? பாடினவங்களுக்குத் தெரியல, எங்களுக்கு இவ்வளவுதான் தெரியும்னுட்டாங்க.

அவர் கும்பகோணம் போய் தேடி, அங்கயும் கிடைக்காம, நம்மாழ்வார் ஊரான குருகூர் வரைக்கும் போனார், இப்ப ஆழ்வார்திருநகரி. அங்கயும் பாட்டு அழிஞ்சு போச்சு, மதுரகவியார் பாடின "கண்ணிநுண் சிறுத்தாம்பு" மட்டும் இருக்குன்னாங்க, அதை 12,000 தடவை சொல்லி, நம்மாழ்வாரே வந்து நாலாயிரத்தையும் குடுத்தார்னு போகுது கதை. அற்புதத்தை நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். எனக்குப் பிடிச்சது அதுக்கு முன்னாடி பகுதி. ஒரு மனுஷன் பாட்டுல இருந்த ஒரு நம்பரைக் கவனிச்சார், கணக்கு உதைக்குதேன்னு கிளம்பிட்டார். அந்த ஒரு சந்தேகம் வரலைன்னா இன்னைக்கு திருப்பாவையை மார்கழியில மைக்ல போட்டிருக்க முடியுமான்னு யோசிங்க.

அவர் காலத்தைப் பத்தி ஒரு சின்ன சிக்கல் இருக்கு. மரபுக் கணக்குல அவர் 9ம் நூற்றாண்டுல பிறந்தவர், ஆனா ஊருக்கு வீரநாராயணன் பேரு வந்தது பராந்தகனுக்கு அப்புறம்தானே, அதனால ஆராய்ச்சிக்காரங்க பத்தாம் நூற்றாண்டுக்கு இழுப்பாங்க. அவர் முடிவைப் பத்தி இன்னும் வேடிக்கையான கதை: வேட்டைக்கு வந்த ராஜா கூட்டத்துல ரெண்டு வில்லாளி, ஒரு பொம்பளை, ஒரு குரங்கு இருந்ததைக் கேள்விப்பட்டு ராமர் லட்சுமணர் சீதை அனுமார்தான்னு நினைச்சு பின்னாடியே ஓடி கங்கைகொண்டசோழபுரத்து வாசல்ல உயிரை விட்டார்னு. கங்கைகொண்டசோழபுரமே ராஜேந்திரன் கட்டினது, 11ம் நூற்றாண்டு. பொருந்தவே பொருந்தாது, ஆனா கதை சொன்னவங்களுக்கு இந்த வட்டாரத்துல கம்பீரமா ஒரு வாசல் வேணும்னா வேற எது ஞாபகம் வரும்? அவர் பேரன்தான் ஆளவந்தார், யாமுனாசாரியார், அவரும் இதே ஊரு.

கல்கிக்கு இதெல்லாம் தெரியும். கவனிச்சுப் படிங்க, ஆழ்வார்க்கடியான்னு நாவல்ல வர வைணவனை அவர் இந்த ஊர்க் கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போய் நம்மாழ்வார் பாசுரத்தைப் பாட வைப்பார், பட்டரோட சின்னப் பையன் ஒருத்தன் நின்னு கேட்டுட்டு இருப்பான். கதைக்கு அந்தப் பையனால ஒரு பிரயோஜனமும் இல்ல, அடுத்து வரவும் மாட்டான். நிறைய பேர் அந்தப் பக்கத்தை வேகமாத் தள்ளிட்டு கடம்பூருக்குப் போயிடுவாங்க. அந்தப் பையன்தான் நாதமுனி. கால ஆராய்ச்சியில நாவலாசிரியர் எந்தப் பக்கம் சாஞ்சிருக்கார்னு அதுலயே தெரியுது.

மதகு விஷயத்துக்கு வரேன், ஏன்னா அதுவும் வைணவத்தோட பின்னிப் பிணைஞ்சது. கல்கி ஏரிக்கு 74 கணவாய்னு சொல்றார். இப்ப கணக்குல இருக்கிற பாசன மதகு 34. ராமானுஜர் தனக்கு அப்புறம் சமயத்தைப் பரப்ப 74 சிம்மாசனாதிபதிகளை நியமிச்சார்னு வைணவத்துல உண்டு, அவர் வீரநாராயணபுரத்துக்கு வந்தப்ப இந்த ஏரியோட 74 மதகைப் பாத்துட்டுத்தான் அந்த நம்பரை வச்சார்னு எங்க ஊர்ப் பக்கம் சொல்வாங்க. இதை விட எனக்கு ரொம்ப பிடிச்சது குருபரம்பரையை தண்ணி ரூட்டாவே சொல்ற ஒரு பழைய சுலோகம். பெருமாள் கடல். அந்தக் கடல்ல இருந்து கருணைங்கிற தண்ணியை முகந்துக்கிட்டு வர மேகம் நம்மாழ்வார். அந்த மேகம் பெய்யிற மலை நாதமுனிகள். மலையில இருந்து விழுற அருவி உய்யக்கொண்டாரும் மணக்கால் நம்பியும். அருவி சேர்ற ஆறு ஆளவந்தார். ஆறு போய் நிரப்புற ஏரி ராமானுஜர். ஏரியில இருந்து பல வழியா பிரிஞ்சு போயி உயிர்ங்கிற பயிருக்குப் பாயிற தண்ணி பின்னால வந்த ஆசாரியர்கள். விளக்கம் சொல்றவங்க அந்த வழிகளைத்தான் 74 மதகுன்னு சொல்வாங்க. பொதுப்பணித்துறை இஞ்சினியர் போட்ட ஸ்கெட்ச் மாதிரி இல்ல? கடல்ல ஆரம்பிச்சு வயல்ல முடியுது, நடுவுல ஒரு லிங்க் கூட விட்டுப் போகல. மானாவாரி பூமியில உக்காந்து இருக்கிற ஒருத்தருக்கு இப்படி ஒரு உவமை தோணியிருக்காதுங்கிறது என் அபிப்பிராயம், ஏரிப் பாசனத்தைப் பாத்துப் பாத்து ஊறினவங்களுக்குத்தான் வரும்.

இப்ப சைவப் பக்கம். ஏரிக்குக் கிழக்க, காட்டுமன்னார்கோயில்ல இருந்து ஒரு பத்து கிலோமீட்டர் சுத்துல, சிதம்பரம் போற வழியில திருநாரையூர். நம்பியாண்டார் நம்பி ஊரு. அப்பா வெளியூர் போனப்ப சின்னப் பையன் நம்பி பொள்ளாப் பிள்ளையாருக்கு நைவேத்தியம் கொண்டு போயி, பிள்ளையார் சாப்பிடலைன்னதும் தலையை சுவத்துல முட்டிக்கப் போக, பிள்ளையார் தும்பிக்கையை நீட்டி சாப்பிட்ட கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பொள்ளான்னா உளி படாததுன்னு அர்த்தம், பொல்லாதவர்னு சொல்லிடாதீங்க, குருக்கள் திருத்துவார். சோழ ராஜா, ராஜராஜன்னு பொதுவா சொல்வாங்க, அவர் தேவாரம் முழுசும் வேணும்னு தேடிக்கிட்டு நம்பிகிட்ட வந்தார். தில்லையில பூட்டின அறை ஒண்ணுல இருக்குன்னு தெரிஞ்சு, மூவர் வந்தாத்தான் திறப்போம்னு தீட்சிதர்கள் சொல்ல, மூவர் சிலையையே கொண்டாந்து நிறுத்தி திறந்து பாத்தா சுவடியெல்லாம் மேல புத்து மூடிக் கிடக்கு. எண்ணெய் ஊத்தி புத்தைக் கரைச்சு எடுத்ததுல மிஞ்சினதுதான் இன்னைக்கு நாம பாடுறது. மிச்சம் கரையானுக்குப் போச்சு. அப்புறம் நம்பி தானே திருத்தொண்டர் திருவந்தாதி எழுதினார், சேக்கிழார் பெரிய புராணத்துக்கு அதுதான் ஒரு படிக்கட்டு.

ரெண்டு கதையும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கிறது தற்செயலா? எனக்கு அப்படித் தோணல. புராணத்தைத் தள்ளிட்டுப் பாத்தாலும் ஒண்ணு மிஞ்சுது. ஏரி வந்துச்சு, நிச்சயமான தண்ணி வந்துச்சு, நெல்லு உபரியாச்சு, சதுர்வேதிமங்கலமும் சபையும் கோயிலும் வந்துச்சு, ஓலையை வச்சுக்கிட்டு உக்காந்து படிக்கவும் பாடவும் ஆளுக்கு சோறு போட முடிஞ்சது. சுவடி தேடுறது வயித்துக்கு இல்லாதவன் வேலை இல்லீங்க. அந்த சோறு வந்தது வயல்ல வேலை செஞ்சவங்க முதுகு மேலதான், அவங்க பேரு எந்த குருபரம்பரையிலயும் இல்ல, அதையும் சொல்லித்தான் ஆகணும்.

திருநாரையூர்ப் பேருலயே பறவை இருக்கு. நாரை ஒண்ணு தினம் காசியில இருந்து அலகுல கங்கைத் தண்ணி கொண்டாந்து சாமிக்கு ஊத்துச்சாம், ஒரு நாள் புயல் மழையில சிக்கி சிறகெல்லாம் உதிர்ந்து போச்சாம். சிறகு விழுந்த இடம்தான் பக்கத்து ஊரு, சிறகிழந்தநல்லூர். இந்த மாதிரி ஊர்ப் பேரை எந்த கவிஞனாலயும் யோசிச்சு வைக்க முடியாது. புயல்ல சிறகிழந்த கதை இன்னமும் முடியல, அதுவும் உண்மை: ஏரி நிரம்பி வெள்ளியங்கால் ஓடையைத் திறந்துவிட்டா வெள்ளம் வர்ற ஊர்ப் பட்டியல்ல திருநாரையூரும் சிறகிழந்தநல்லூரும் இருக்கும், மழைக்கால நியூஸைப் பாருங்க.

நீங்க கேட்ட கதை சம்பந்தமான இடம் ரெண்டு. ஒண்ணு கடம்பூர். வந்தியத்தேவன் அன்னிக்கு ராத்திரி தங்கி சதிக்கூட்டத்தை ஒட்டுக் கேக்குற, பிற்பாடு ராஜராஜனோட அண்ணன் ஆதித்த கரிகாலன் சாகுற சம்புவரையர் மாளிகை இருக்கிற ஊரு. மேலக்கடம்பூர்னு இன்னைக்கும் இருக்கு, காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்துலயே. மாளிகையைத் தேடாதீங்க, அது கல்கி கட்டினது, கரிகாலன் அங்கதான் செத்தான்னு சொல்ல ஆதாரமும் கிடையாது. ஆனா தேர் வடிவத்துல சக்கரம் குதிரையோட ஒரு கோயில் இருக்கு, முதல் குலோத்துங்கன் காலத்துக் கல் வேலை, சின்னது, அவ்வளவு நுணுக்கம். பிரதோஷத்துக்குப் போனா காளை மேல நின்னு ஆடுற பத்துக்கை நடராஜரைப் பாக்கலாம், வங்காளத்துப் பால வம்ச ராஜாக்கள் காலத்துப் பாணி. இன்னொண்ணு தெரியுமா, "என் கடன் பணி செய்து கிடப்பதே"ன்னு ஆபீஸ் சுவர்ல, ஸ்கூல் கேட்ல எல்லாம் எழுதி வச்சிருப்பாங்களே, அப்பர் அதைப் பாடினது இந்த ஊர்ல. முழு வரியையும் படிச்சாத்தான் ருசி. "தென் கடம்பைத் திருக்கரக்கோயிலான் தன் கடன் அடியேனையும் தாங்குதல்"னு முதல்ல சாமியோட டியூட்டியைச் சொல்லிடுறார். என்னைத் தாங்குறது உன் வேலை, வேலை செஞ்சுட்டுக் கிடக்கிறது என் வேலை. முதல் பாதியை வெட்டிட்டு ரெண்டாவது பாதியை மட்டும் சுவர்ல எழுதுறது யாருக்கு சௌகரியம்னு சொல்ல வேண்டியதில்ல.

ரெண்டாவது இடம்தான் முக்கியம். காட்டுமன்னார்கோயில்லயே உடையார்குடி, அங்க அனந்தீஸ்வரர் கோயில். ஆதித்த கரிகாலனைக் கொன்னது யாருங்கிறதுக்கு நம்ம கையில இருக்கிற கல்வெட்டு ஆதாரம் அந்தக் கோயில் சுவர்லதான் இருக்கு. ராஜராஜனோட ரெண்டாவது ஆட்சியாண்டு. "பாண்டியனைத் தலைகொண்ட கரிகாலச் சோழனைக் கொன்று துரோகிகளான"ன்னு ஆரம்பிச்சு சோமன், அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரம்மாதிராஜன், அவன் தம்பி பரமேஸ்வரனான இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன்னு பேர் வருது. அவங்க, அவங்க சொந்தக்காரங்க நிலத்தையெல்லாம் பறிமுதல் பண்ணச் சொல்லி ராஜா அனுப்பின ஓலை, வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்து சபைக்கு வந்த ஓலை, அதை உள்ளடக்கின கல்வெட்டு. அப்படிப் பறிச்ச நிலத்துல கொஞ்சத்தை ஒருத்தர் வாங்கி கோயிலுக்கு எழுதி வைக்கிறார், அந்தப் பத்திரத்துனாலதான் நமக்கு விஷயமே தெரியுது. கொலை வழக்கோட எஃப்ஐஆர் கிடைக்கல, சொத்துப் பத்திரம்தான் கிடைச்சிருக்கு.

நாவல்ல வர ரவிதாசன், சோமன் சாம்பவன் பேரெல்லாம் எங்க இருந்து வந்ததுன்னு இப்ப புரியுதா. இதுல "பிரம்மாதிராஜன்"ங்கிறது பிராமண அதிகாரிகளுக்குக் குடுக்கிற பட்டம், அதுல "பஞ்சவன்"னா பாண்டியன், அதை வச்சு பாண்டிய ஆபத்துதவிகள்னு, அதாவது பாண்டிய ராஜாவுக்காக உயிரைக் குடுக்கிற மெய்க்காவல்காரங்கன்னு, கல்கி கதை பின்னினார். சரித்திர ஆசிரியர் நீலகண்ட சாஸ்திரி, ராஜராஜனுக்கு முன்னாடி ஆண்ட உத்தம சோழன் மேல சந்தேகப்பட்டார், கொலைகாரங்களை அவன் ஆட்சி முழுக்க தண்டிக்காம விட்டுட்டு ராஜராஜன் வந்துதான் தண்டிச்சான்னு. இன்னொரு சரித்திர ஆசிரியர் சதாசிவ பண்டாரத்தார் அதை ஒத்துக்கல. சண்டை இன்னைக்கு வரைக்கும் ஓடுது, நான் அதுல இறங்க மாட்டேன். நான் சொல்ல வர்றது, கல்கி கதையை ஆரம்பிக்கிற ஏரிக்கரையில இருந்து கதையோட மையக் கொலைக்கான கல்வெட்டுக்கு நடந்தே போயிடலாம். அவர் பாட்டுக்கு இயற்கை அழகுக்காக ஒரு ஏரியை எடுத்து முதல் பக்கத்துல வைக்கல, சாட்சி இருக்கிற ஊருக்கு நேரா குதிரையை விட்டிருக்கார்னு எனக்கு ஒரு நம்பிக்கை.

இப்ப நிலைமை கேட்டீங்க. 1970 வாக்குல வீராணத் தண்ணியை மெட்ராஸுக்குக் கொண்டு போறோம்னு ராட்சச சைஸ்ல சிமென்ட் குழாய் வார்த்து ரோட்டோரமா அடுக்கினாங்க, திட்டம் படுத்துடுச்சு, சர்க்காரியா கமிஷன் விசாரிச்ச ஊழல் புகார்கள்ல அதுவும் ஒண்ணு. குழாய் மட்டும் வருஷக்கணக்கா கிடந்துச்சு, உள்ள துணி காயப்போட்டு அடுப்பு மூட்டி குடும்பம் நடத்தினவங்க உண்டு. எங்க தலைமுறைக்கு வீராணம்னா ஏரிக்கு முன்னாடி அந்தக் குழாய்தான் ஞாபகம் வரும். அப்புறம் 2004ல புதிய வீராணம் திட்டம் நிஜமாவே வந்துச்சு, சேத்தியாத்தோப்புல எடுத்து, நெய்வேலி பக்கத்துல வடக்குத்துல சுத்திகரிச்சு, போரூர் வரைக்கும் 230 கிலோமீட்டருக்கு மேல பைப்பு, நாளைக்கு 18 கோடி லிட்டர் டிசைன். ஏரி வத்துற வருஷம் விவசாயிக்கும் சென்னைக்கும் இழுபறிதான். ஆயக்கட்டுக்காரங்க, அதாவது ஏரிப் பாசன விவசாயிங்க, பாத்தா கரை நிறைய தண்ணி நிக்கும், மதகு மூடியிருக்கும், கேட்டா குடிதண்ணிக்குன்னுடுவாங்க. சென்னைக்காரங்க மேல கோவம் இல்ல, எங்க வீட்டுப் பிள்ளைங்களே பாதி பேர் அங்கதான் அந்தத் தண்ணியைக் குடிச்சிட்டு இருக்காங்க.

போறதா இருந்தா ஆடிப்பெருக்கை நம்பிப் போகாதீங்க, முக்கியமா சொல்லணும். கல்கி எழுதின மாதிரி ஆடி 18க்கு ததும்பி நிக்கும்னு நினைச்சுப் போய் பாதி காஞ்ச ஏரியைப் பாத்துட்டு திட்டிக்கிட்டு வந்தவங்க இருக்காங்க, மேட்டூர் எப்ப திறந்தாங்க, வடவாத்துல எவ்வளவு விட்டாங்கங்கிறதைப் பொறுத்துதான் எல்லாம். கார்த்திகை மார்கழி போங்க, ஏரியும் நிறைஞ்சிருக்கும், கீழ சம்பா பயிரும் நல்லா நிக்கும், நாரை கொக்கெல்லாமும் இருக்கும். சிதம்பரத்துல இருந்து காலைல கிளம்பி திருநாரையூர், அப்புறம் காட்டுமன்னார்கோயில் பெருமாள், மத்தியானம் நடை சாத்திடுவாங்க அப்ப லால்பேட்டையில சாப்பிட்டு, கொடிக்கால் வெத்தலை ரெண்டு போட்டுக்கிட்டு, கரை மேல சேத்தியாத்தோப்பு வரைக்கும் ஒரு நடை பஸ்ல போயிட்டு திரும்பி வாங்க. மேலக்கடம்பூரும் உடையார்குடியும் சாயந்திரத்துக்கு வச்சுக்கோங்க, கல்வெட்டு எழுத்து உச்சி வெயில்ல வெறும் கல்லாத்தான் தெரியும், சாஞ்ச வெளிச்சத்துல எழும்பி நிக்கும். சுண்ணாம்பு, மாவு எதையும் தடவிப் படிக்க ட்ரை பண்ணாதீங்க. எந்தச் சுவர்னு தெரியலைன்னா குருக்கள்கிட்ட "கரிகாலன் கல்வெட்டு எங்க சாமி"ன்னு கேளுங்க, எத்தனையோ பேருக்குக் காட்டிப் பழகினவங்க, கூட்டிட்டுப் போய் விரலை வச்சுக் காட்டுவாங்க.